சிற்றூர்ப் பள்ளிக்கு ஓர் உளவியலர்



கள்ளக்குறிச்சிக்கும் திருக்கோவிலூருக்கும் இடைப்பட்ட ரிஷிவந்தியம், அர்த்தநாரீசுவரர் திருக்கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் விளையும் வயல்கள். மேற்கே சென்றால் கல்வராயன் மலைத்தொடர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்த இப்பகுதி, 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி மாவட்டம் தோன்றியபோது அதனைச் சேர்ந்தது. இவ்வூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு வினாவை இன்று உங்களோடு ஆராய விரும்புகிறேன். இத்தகைய ஊரின் பள்ளிக்கு ஓர் உளவியலர் வேண்டுமாயின், அவர் எங்கிருந்து வருவார்? அவரை எங்கே, எவ்வாறு பயிற்றுவது?

உளவியலர் என்றதும், மனநோய் மருத்துவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். மருத்துவர் மருந்து தருபவர். பள்ளி உளவியலரோ கற்றலுக்கு இடையூறாக நிற்பது எது என்று கண்டறிபவர். ஒரு வகுப்பில் மூன்று சிறுவர் வாசிக்கத் திணறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் ஆசிரியர் தரும் பெயர் ‘மந்தம்’ என்பதே. ஆயின் ஒருவனுக்குக் கண்பார்வை குறைவு. கரும்பலகையில் உள்ளது அவனுக்குத் தெரியவில்லை. மற்றொருவனுக்குக் கண்ணும் காதும் நலமே, அறிவும் கூர்மையானதே, எனினும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு அவன் மனத்தில் எளிதில் படிவதில்லை. மூன்றாமவன் நன்றாக வாசிக்கக்கூடியவன். ஆனால் தந்தை குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கும் வீட்டில் இரவெல்லாம் உறங்காதிருந்து பள்ளிக்கு வருகிறான். வெளியே தெரியும் குறை ஒன்று. உள்ளே இருக்கும் காரணங்கள் மூன்று. முதலாமவனுக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும். இரண்டாமவனுக்குத் தனிமுறைப் பயிற்சி வேண்டும். மூன்றாமவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். மூவருக்கும் பிரம்படி ஒன்றையே மருந்தாகத் தந்தால் மூவரும் பள்ளியை விட்டு நீங்குவர். இந்த வேறுபாட்டைக் கண்டு சொல்வதே பள்ளி உளவியலரின் தலையாய பணி.

இத்துறை பிறந்த வரலாறும் இதனையே காட்டுகிறது. 1896ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லைட்னர் விட்மரிடம் ஒரு பள்ளி ஆசிரியை, சொற்களைப் பிழையின்றி எழுத இயலாத சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார். ஆராய்ந்த விட்மர், அவனுடைய கண்பார்வையில் குறை இருப்பதைக் கண்டார். கண்ணாடி அணிவித்த பிறகு, சிறப்புப் பயிற்சியும் அளிக்க ஏற்பாடு செய்தார். உலகின் முதல் உளவியல் மருத்துவமனை எனப் போற்றப்படும் இடத்தின் தொடக்கம் இதுவே. நோயாளியாக வந்தவன் ஒரு பள்ளி மாணவன். அவனை அழைத்து வந்தவர் ஓர் ஆசிரியை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பின்னர் 1905இல் பாரிசில் ஆல்பிரெட் பினேயும் சிமோனும் தம் அறிவுச் சோதனையை வெளியிட்டதும், வழக்கமான பாடமுறையால் பயன்பெற இயலாத குழந்தைகளை அடையாளங்கண்டு உதவும் பொருட்டே. 1913இல் இலண்டன் மாநகரக் கல்வித்துறை சிரில் பர்ட்டை அமர்த்தியது. பள்ளிகளுக்கென ஓர் உளவியலரை அரசுசார் அமைப்பொன்று அமர்த்தியது அப்போதுதான்.

நம் நாடும் இதில் பின்தங்கியிருக்கவில்லை. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தோன்றியது. 1924இல் மைசூரில் தோன்றிய துறைக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி. வானொலி கேட்கும் நமக்கு இவர் மற்றொரு வகையிலும் உறவினர். 1935இல் மைசூரில் சிறியதொரு வானொலி நிலையத்தைத் தம் முயற்சியால் நிறுவி, ‘ஆகாசவாணி’ எனப் பெயரிட்டு ஒலிபரப்பியவர் அவரே. அப்பெயர் பின்னாளில் இந்திய வானொலிக்கே உரிய பெயராயிற்று. மனத்தை ஆராய்ந்த ஒருவர், எட்டாத இடத்துக்கும் கல்வியைக் கொண்டுசெல்லும் கருவியைத் தேடியது வியப்பன்று. 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் தலைமையில் உளவியல் துறை தொடங்கப்பெற்றது. பினேயின் சோதனையைக் காமத் என்னும் அறிஞர் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்ப மாற்றியமைத்து 1940இல் வெளியிட்டார். எழுத்தறியாத சிறுவரையும் சோதிக்கத்தக்க செயல்வழிச் சோதனைத் தொகுதியைப் பாட்டியா 1955இல் அளித்தார்.

அறிவு இருந்தது, அறிஞரும் இருந்தனர். ஆயினும் அவ்வறிவு பெருநகரங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் தங்கிவிட்டது. ரிஷிவந்தியம் போன்ற ஊர்களுக்கு அது நடந்து வரவில்லை. தமிழக அரசு முன்னர் நடமாடும் உளவியல் ஆலோசனை ஊர்திகளைப் பள்ளிகளுக்கு அனுப்பியதுண்டு. நல்ல முயற்சியே. எனினும் ஓர் ஊர்தி பல மாவட்டங்களைச் சுற்றிவர வேண்டியிருந்தது. ஒருநாள் வந்து பேசிவிட்டுச் செல்பவரிடம் எந்தக் குழந்தை தன் நெஞ்சத்தைத் திறக்கும்? திறந்த பின்பு, மறுவாரம் அது யாரைத் தேடும்?

தேவை எத்தகையது என்பதை இம்மாவட்டமே நமக்கு உணர்த்தியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் நச்சுச் சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. தந்தையை இழந்தோர், தாயையும் சேர்த்து இழந்தோர் எனக் குழந்தைகள் பலர். அவர்களுடைய கல்விச் செலவை ஏற்பதாகவும், வைப்புத்தொகை வழங்குவதாகவும் அரசு அறிவித்தது. பணம் கல்விக்கட்டணத்தைச் செலுத்தும். ஆனால் வகுப்பில் அமர்ந்திருக்கும் அக்குழந்தை திடீரென வெறித்துப் பார்க்கும்போது, காரணமின்றி அடுத்தவனை அடிக்கும்போது, அதனை முரட்டுத்தனம் என்று தண்டிக்காமல் துயரம் என்று அறிந்துகொள்ளும் ஒருவர் பள்ளியில் இருத்தல் வேண்டும். துயரம் ஊர்தி வரும் நாளுக்காகக் காத்திராது.

மலையின் நிலை இன்னும் வேறு. வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுள் பலர் கூலிவேலை தேடி வெளி மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் செல்கின்றனர். பிள்ளைகள் பாட்டன் பாட்டியிடமோ, உண்டு உறைவிடப் பள்ளியிலோ தங்குகின்றனர். ஆறு வயதில் தாயை விட்டுப் பிரிந்த குழந்தை இரவில் அழுவது நோயன்று. ஆனால் கவனிப்பாரின்றி விட்டால், அதுவே கல்வியை வெறுக்கும் விதையாகும். நகரத்துச் சொற்களால் ஆக்கப்பட்ட சோதனைத் தாளை அக்குழந்தையிடம் நீட்டி, விடை வரவில்லை எனக் கண்டு அறிவு குறைவு என்று எழுதிவிடுவது பெருந்தவறு. கேள்வி புரியாமையும் அறிவின்மையும் ஒன்றல்ல. மலையின் பேச்சு வழக்கையும் வாழ்வையும் அறிந்தவரே இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காண வல்லவர்.

இத்தேவையை நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 2025ஆம் ஆண்டு சூலை 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றில், மாணவர் மனநலம் பற்றிய நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும், குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் கொண்டிருத்தல் வேண்டும். அதனினும் சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பது அந்நெறிகளுள் ஒன்று. நூறு மாணவர் என்னும் எல்லையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் ஒன்றியங்களில் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுள் பெரும்பாலானவை இவ்வெல்லைக்குள் வந்துவிடும். இத்தனை பள்ளிகளுக்கும் பயிற்சி பெற்றவர் எங்கே?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ரிஷிவந்தியம் பகுதியில் பத்து ஆண்டுகளாகப் பணிபுரியும் ஓர் ஆசிரியையை எண்ணிப் பார்ப்போம். ஊர் அவரை அறியும். அவர் ஊரை அறிவார். எந்தப் பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். உளவியல் கற்க அவருக்கு ஆர்வமும் உண்டு. ஆனால் முதுகலைப் பட்டம் பெறச் சென்னைக்கோ கோவைக்கோ சென்று இரண்டு ஆண்டு தங்க வேண்டும். ஊதியம் நிற்கும், குழந்தைகளையும் முதியோரையும் கவனிப்பார் இல்லை. இத்தகையோருக்கென்றே நம் நாட்டில் அஞ்சல்வழிக் கல்வி தோன்றியது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அதனைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இவ்வழியில் இறங்கின. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. பணியை விடாமலே உளவியலில் முதுகலைப் பட்டம் பெறும் வாய்ப்பு இவற்றால் பலருக்குக் கிட்டியது.

அவ்வாயில் 2025இல் அடைபட்டது. உளவியல் உள்ளிட்ட மருத்துவத் துணைத்துறைப் படிப்புகளைத் தொலைநிலை வழியிலும் இணையவழியிலும் நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. அவ்வாண்டு சூலை–ஆகஸ்டு கல்விப் பருவத்திலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதத்தில் ‘பள்ளிதோறும் ஒருவர் வேண்டும்’ என்னும் குரல். அடுத்த மாதத்தில் ‘வீட்டிலிருந்து கற்க இயலாது’ என்னும் குரல். இரண்டும் குழந்தைகளின் நலம் கருதியவையே. ஆயினும் இரண்டுக்கும் நடுவே நம் ஆசிரியை நிற்கிறார்.

மானியக் குழுவின் அச்சம் பொருளற்றது என்று நான் கூற மாட்டேன். நீந்துவது எப்படி என்னும் நூலை அஞ்சலில் பெற்றுப் படித்தவன் ஆற்றில் இறங்கினால் என்னாகும்? அழுகின்ற குழந்தையிடம் எதைக் கேட்பது, எதைக் கேளாதிருப்பது, எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பது, எந்த இடத்தில் ‘இது என் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்’ என்று உணர்வது ஆகியவற்றை அச்சிட்ட பாடம் கற்பிக்காது. அனுபவம் மிக்க ஒருவர் அருகிருந்து பார்த்து, ‘இங்கே நீங்கள் அவசரப்பட்டீர்கள்’ என்று திருத்த வேண்டும். அரைகுறைப் பயிற்சி பெற்றவரின் கையில் குழந்தையின் மனத்தை ஒப்படைப்பதினும் ஒப்படைக்காதிருப்பதே மேல்.

எனினும் இதிலிருந்து, பயிற்சி முழுவதும் நகரத்திலேயே நிகழ வேண்டும் என்னும் முடிவு பெறப்படாது. நூலறிவு அஞ்சலில் பயணம் செய்யும். பயணம் செய்யாதது மேற்பார்வை ஒன்றே. ஆகவே எதில் நெகிழ்ச்சி, எதில் உறுதி என்று பிரித்தறிவதே வழி. காலத்திலும் இடத்திலும் நெகிழ்ச்சி இருக்கட்டும். மேற்பார்வையோடு கூடிய பயிற்சியில் அணுவளவும் நெகிழ்ச்சி வேண்டா.

இது வெறுங்கற்பனையன்று. 1961இல் தோன்றிய தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, வழிகாட்டலிலும் ஆலோசனையிலும் ஓராண்டுப் பட்டயப் படிப்பொன்றை வகுத்தபோது, இப்பாகுபாட்டையே பின்பற்றியது. முதல் ஆறு மாதம் மாணவர் தம் ஊரிலிருந்தே பாடங்களைக் கற்பர். அடுத்த மூன்று மாதம் நிலையத்துக்குச் சென்று நேர்முகப் பயிற்சி பெறுவர். இறுதி மூன்று மாதம் மீண்டும் தம் ஊரில், தம் பணியிடத்திலேயே, செயல்முறைப் பயிற்சி பெறுவர். பணியிலுள்ள ஆசிரியரும் இதிற் சேரலாம். தென்மாநிலங்களுக்கு இப்பயிற்சியை அளிப்பது மைசூரில் உள்ள மண்டலக் கல்வி நிறுவனம். கோபாலசாமி உளவியலையும் வானொலியையும் வளர்த்த அதே மைசூர்! பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது மாதம் சொந்த ஊரிலேயே கழிகிறது என்பது கருதத்தக்கது. இது பட்டயமே, முதுகலைப் பட்டமன்று. ஆயினும் முதுகலைப் படிப்பு ஒன்றை எவ்வாறு அமைக்கலாம் என்பதற்கு இதுவே நல்ல வரைபடம்.

அவ்வாறு அமைத்தால் எவ்வளவு காலம் ஆகும்? அமெரிக்கப் பள்ளி உளவியலர்களின் தேசியச் சங்கம், இப்பணிக்கு வருவோர் 1,200 மணி நேரம் களப்பயிற்சி பெறுதல் வேண்டும் என்றும், அவற்றுள் 600 மணியேனும் பள்ளியிலேயே கழிதல் வேண்டும் என்றும் விதித்துள்ளது. அந்த அளவையே நாமும் கொள்வோம். பள்ளி நடைபெறுவது ஆண்டுக்கு 40 வாரம் எனக் கருதி, வாரத்துக்கு 15 மணி நேரம் நம் ஆசிரியை ஒதுக்கினால், ஆண்டுக்கு 600 மணி. இரண்டே ஆண்டில் 1,200 மணி நிறைந்துவிடும். அப்பதினைந்து மணி நேரத்துக்கு அவருடைய வகுப்புகளை வேறொருவர் ஏற்க அரசு வழிசெய்தல் வேண்டும். கோடை விடுமுறையில் நேர்முக வகுப்புகள் நடைபெறலாம். அவற்றுக்கு இவ்வட்டாரத்து அரசுக் கல்லூரி ஒன்றே இடமாகலாம். 2022இல் திறக்கப்பெற்ற கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர்கள், மருத்துவரிடம் அனுப்பத்தக்க நிலைகளை எப்படி அறிவது என்று கற்பிக்கலாம். பல்கலைக்கழகப் பேராசிரியர் வாரந்தோறும் காணொலி வாயிலாகவும், மாதந்தோறும் நேரில் வந்தும் மேற்பார்வை செய்யலாம். பேராசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை பேருந்தில் வருவது, இருபது ஆசிரியர்கள் ஊரைவிட்டுப் போவதினும் எளிதன்றோ?

இத்திட்டத்தில் இடர் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. உள்ளூர்க்காரராக இருப்பது வலிமை. அதுவே ஆபத்தும் ஆகும். நகரத்தில் உளவியலரைக் கண்டு வந்த மாணவி மறுநாள் அவரைக் கடைத்தெருவில் காண மாட்டாள். சிற்றூரிலோ அவர் அவளுடைய சிற்றன்னையின் தோழியாக இருப்பார். திருமணப் பந்தியில் பக்கத்து இலையில் அமர்ந்திருப்பார். சொன்னது வெளியே போய்விடுமோ என்னும் அச்சம் ஒருமுறை தோன்றினால், ஊர்ப்பிள்ளைகள் எவரும் அந்த அறைக்குள் மீண்டும் நுழையார். மேலும், மதிப்பெண் போடும் கையே மனக்குறையைக் கேட்கும் செவியாகவும் இருத்தல் கூடாது. ஆகவே பயிற்சி பெற்ற ஆசிரியை தம் வகுப்பு மாணவருக்கு ஆலோசகராக இருத்தல் ஆகாது. பக்கத்துப் பள்ளியின் மாணவரைக் கவனிக்க வேண்டும். அப்பள்ளியின் உளவியலர் இப்பள்ளிக்கு வர வேண்டும். நான்கைந்து பள்ளிகளை ஒரு தொகுதியாகக் கொண்டால் இது எளிது. மறைபொருள் காத்தல் என்பதைப் பயிற்சியின் முதல் பாடமாகவும் கடைசிப் பாடமாகவும் வைத்தல் வேண்டும். குழந்தையின் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேரும் என்று அறிந்தால் மட்டும் உரியவர்க்கு அறிவிக்க வேண்டும் என்பதையும், சிறுவர் மீதான பாலியல் குற்றங்களை மறைத்தல் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர் ஐயமின்றி அறிந்திருத்தல் வேண்டும். மாணவரிடமும் அதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நேர்மை.

1950களின் பிற்பகுதியில் நம் மாநிலத்துப் பள்ளிகளில் மதிய உணவு வழங்கத் தொடங்கியபோது, ‘பள்ளி பாடம் சொல்லும் இடமா, சோறு போடும் இடமா?’ என்று கேட்டவரும் இருந்திருப்பர். பசித்த வயிற்றில் பாடம் இறங்காது என்பதை இன்று மறுப்பார் இல்லை. கலங்கிய மனத்திலும் பாடம் இறங்காது என்பதை நாம் இப்போது உணரத் தொடங்கியிருக்கிறோம். சோறு சமைக்க ஊரிலேயே ஆள் கிடைத்தார். ஆதலின் திட்டம் ஊர்தோறும் வேரூன்றியது. மனத்தைக் கவனிக்கவும் ஊரிலேயே ஆள் உண்டு. அவரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களையும் அரசையும் சார்ந்தது.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் மேற்படிப்பைப் பற்றி எண்ணும் பருவத்தில் இருக்கிறீர்கள். மருத்துவமும் பொறியியலும் அன்றி வேறு துறை இல்லை என்று கருதிவிட வேண்டா. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, மழைக்காலத்தில் எந்தப் பாதை அடைபடும், எந்தச் சொல்லைக் கேட்டால் ஒரு தாய் முகம் சுருங்குவாள் என்பவற்றை அறிந்தவர் நீங்கள். பல்கலைக்கழகம் உங்களுக்குக் கற்பிக்க இயலாத பாடம் அது. அதனை நீங்கள் முன்னமே கற்றிருக்கிறீர்கள். எஞ்சியவற்றைக் கற்பிக்க வேண்டுவது அதன் கடமை.

இன்னும் ஒன்று. உங்கள் பள்ளிக்கு அத்தகையவர் வரும்வரை துயரத்தைத் தனியே சுமக்க வேண்டா. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் நடுவணரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவிக்கு எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். காலில் முள் தைத்தால் யாரிடமும் காட்ட நாம் கூசுவதில்லை. நெஞ்சில் தைத்ததைக் காட்டவும் கூச வேண்டா. உங்கள் தோழன் ஒருவன் சில நாளாகப் பேசாதிருந்தால், அவன் அருகில் சென்று அமர்ந்து ‘என்ன ஆயிற்று?’ என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். பின்னர், நீங்கள் நம்பும் பெரியவர் ஒருவரிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள்.